இன்டர்வெல் மணி அடித்த பிறகு: தொடக்கப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், பண்ருட்டிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் புதிதாக விளையாட்டுப் பொறுப்பு ஏற்கிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கல்லைப் பொறுக்குங்கள், முள்ளை வெட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

வரிசையில் கரையும் இன்டர்வெல்

பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருவது இதற்குத்தான். ஊஞ்சல் வாங்க நன்கொடைக்கு அலைகிறார்கள். பிள்ளைகள் மைதானத்துக்கே வந்து சேரவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 பிள்ளைகள், அதில் 54 பெண் பிள்ளைகள், அவர்களுக்கு 2 கழிப்பறை. கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றி வெளியே வர ஆளுக்கு 1 நிமிடம் என்றாலும் மொத்தம் 27 நிமிடம். இன்டர்வெல்லோ 10 நிமிடம். 20 பேர் போய்விடுவார்கள். மீதி 34 பேருக்கு வரிசையிலேயே அடுத்த மணி அடித்துவிடும்.

அந்த 34 பேரில் சின்னவர்கள்தான் அதிகம். ஐந்தாம் வகுப்பு முன்னால் ஓடிப் போய் நின்றுவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்தபடி கடைசியில் நிற்கும். நாலு நாள் அப்படி நின்ற பிள்ளை, பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். கடலோரப் புழுக்கத்தில் தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று ஒவ்வொன்றாக வரும்.

பெல்லை இரண்டாகப் பிரியுங்கள்: 1, 2ஆம் வகுப்புக்கு 10.40, 3 முதல் 5 வரை 10.55. இருவருக்கும் 15 நிமிடம். இது மட்டும் போதாது. பெரிய வகுப்புகளில் 32 பெண் பிள்ளைகள் இருந்தால் அப்போதும் 16 நிமிடம் ஆகும். ஆகவே பாட நேரத்திலும் போகவிடுங்கள். கதவோரம் ஆணியில் இரண்டு அட்டை, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. எடுத்துக்கொண்டு போய், வந்து மாட்டிவிடலாம். கை தூக்கிக் கேட்க வேண்டாம். கழிப்பறை டிரம்மில் காலையிலேயே தண்ணீர் நிரப்பி வையுங்கள். வாளி நிறையக் காத்திருக்கும் நேரம்தான் வரிசையை இழுக்கிறது. குடிதண்ணீர்ப் பைப்பில் இரண்டடிக்கு ஒன்றாக 5 குழாய், சின்னவர்களுக்கு எட்டும் உயரத்தில்.

தண்டனையாக இன்டர்வெல்லில் உட்காரவைப்பது

கூடவே கூடாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே இதை எழுத்தில் சொல்லிவிட்டது. பெஞ்சில் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை.

உப்புக்காற்றை மறப்பது

தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலையொட்டிய இடங்களில் இரும்பு ஊஞ்சல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பைப் சிமென்டுக்குள் இறங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தால் சாவியால் சுரண்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அன்றே ஊஞ்சலைக் கழற்றுங்கள். அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மூடி மறைக்கும் வேலை. ஊஞ்சலுக்கு அடியில் ஒரு அடி ஆழம் மணல் வேண்டும். மழை பெய்து இறுகிய மணல் தரைக்குச் சமம், மண்வெட்டியால் கிளறிவிடுங்கள்.

வெயிலில் தகரச் சறுக்குமரம்

புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் யாரையும் ஏறவிடாதீர்கள்.

ஒரே பந்து

பந்து ஒன்றுதான் என்றால் பெரிய பையன்கள் மைதானம் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: பந்துக்கு ஒன்று, ஓடிப்பிடிக்க ஒன்று, பாண்டிக்கு ஒன்று. சிமென்டுத் தரையில் பாண்டிக் கட்டத்தை வழுவழுப்பான பெயிண்டில் போடாதீர்கள். நனைந்தால் நொண்டுகிற கால் சறுக்கும். பெயிண்டோடு சலித்த மணலைக் கலந்து அடியுங்கள்.

ஆசிரியர்கள் ஒரே இடத்தில் நிற்பது

ஒருவராவது சத்துணவுக்கூடத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள்.

மழை நாளில் எழுத்து வேலை

ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மைதானம் சேறாகிவிடும். உடனே "காப்பி எழுதுங்க" என்று உட்காரவைத்துவிடுகிறார்கள். வகுப்புக்கு ஒரு டப்பா தயாராக இருக்கட்டும்: தாயக்கட்டை, சோழி, ஐந்தாங்கல்லுக்குக் கற்கள், புளியங்கொட்டை. பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 வீதம் 14 வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு 5 என்று 70 கொட்டை. எண்ணித் திரும்ப டப்பாவில் போடுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.