காரைக்குடில இருந்து முதல் தடவ பிளைட் ஏறப்போற ஆச்சிகளுக்கு: பெட்டி கட்டுறதுல இருந்து செக்யூரிட்டி வரைக்கும்

மலேசியா, சிங்கப்பூர்னு புள்ளைகளப் பாக்கப் போற நம்ம ஊர் அம்மா, அப்பத்தாக்களுக்காக இத எழுதுறேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு கார்ல ரெண்டு மணி நேரத்துல போயிரலாம், பயமெல்லாம் உள்ள நடக்குற செக்கிங்க நெனச்சுத்தான்.

ஸ்டெப் 1: பெட்டிய நீங்களே கட்டுங்க

இதுதான் ரொம்ப முக்கியம். பயணம்னு தெரிஞ்சாலே "எம்மகனுக்கு இந்தப் பொட்டலத்த மட்டும் குடுத்துருங்க ஆச்சி"ன்னு தெருவுல பாதிப்பேர் வந்துருவாங்க. தெரிஞ்சவங்களே ஆனாலும் பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். ஏர்போர்ட்ல முன்னபின்ன தெரியாதவங்க குடுத்தா தொடவே தொடாதீங்க.

1984 ஆகஸ்ட்ல நம்ம மீனம்பாக்கத்துலயே கொழும்பு விமானத்துல ஏத்த வந்த பெட்டி வெடிச்சு 30 பேருக்கு மேல செத்தாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல ஏர் இந்தியாவோட கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல வெடிச்சு 329 பேர் போயிட்டாங்க, கனடாவுல வான்கூவர்ல பெட்டியப் போட்ட ஆளு விமானத்துல ஏறவே இல்ல, பெட்டி மட்டும் ஏறிருச்சு. அதான் இப்பல்லாம் ஆளு வரலன்னா பெட்டியத் தேடி இறக்கிட்டுத்தான் கெளம்புவாங்க, "நீங்களே கட்டுன பெட்டியா"ன்னு கேக்குறதும் அதுக்குத்தான்.

ஸ்டெப் 2: எது எந்தப் பைல

ஊறுகாய், நெய், தேன், மொளகாப்பொடி, அரிவாமனை எல்லாம் கீழ போற பெரிய பெட்டில. 2006ல லண்டன்ல கூல்டிரிங்ஸ் பாட்டில்ல திரவ வெடிமருந்து கொண்டுபோக போட்ட திட்டம் பிடிபட்டுச்சு, அதுல இருந்துதான் வெளிநாட்டு விமானத்துல கைப்பைக்கு 100 மில்லி கணக்கு. பாட்டில்ல கொஞ்சம்தான் இருக்குன்னு சொன்னா எடுபடாது, பாட்டிலோட அளவே 100க்குள்ள இருக்கணும். எங்க ஆயா ஒரு தடவ நார்த்தங்கா ஊறுகாய கைப்பைல வச்சுட்டாங்க, செக்கிங்ல எடுத்து ஓரமா வச்சுட்டாங்க, ஆயா திரும்பித் திரும்பி அந்த பாட்டிலையே பாத்துக்கிட்டு வந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. எண்ணெய்யும் தண்ணியும் இருக்குற எதுவுமே அவங்களுக்கு திரவம்தான்.

போன் சார்ஜ் போடுற பவர் பேங்க் கைப்பைல மட்டும்தான், அதுமேல போட்டுருக்குற அளவு 20000 எம்ஏஎச் (mAh) வரைக்கும் பிரச்சன இல்ல. சூடம், தீப்பெட்டி, கொப்பரை ரெண்டுலயுமே வேண்டாம், எல்லாம் தீப்பிடிக்கிற சாமான்.

ஸ்டெப் 3: வாசல்

மூணு மணி நேரம் முன்னாடியே போயிருங்க. டிக்கெட்ல இருக்குற பேரும் பாஸ்போர்ட் பேரும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும், இனிஷியல்ல நெறைய பேர் மாட்டுறாங்க, வீட்லயே பாத்துருங்க.

ஸ்டெப் 4: ட்ரே

இங்க நிக்கிறது சிஐஎஸ்எஃப்காரங்க, அதாவது மத்திய அரசோட பாதுகாப்புப் படை. 1999 டிசம்பர்ல காட்மாண்டுல இருந்து வந்த விமானத்த காந்தஹாருக்குக் கடத்திட்டுப் போனாங்கள்ல, அதுக்கப்புறம்தான் ஏர்போர்ட் காவல் அவங்க கைக்கு வந்துச்சு. போன், லேப்டாப், பவர் பேங்க், சில்லறை எல்லாத்தையும் ட்ரேல வைங்க. பொம்பளைங்களுக்கு திரை போட்ட தனி இடம், லேடி போலீஸ்தான் பாப்பாங்க, கூச்சப்பட வேண்டாம்.

அதிரசம், மாவுருண்டை பைய மட்டும் தனியா தொறக்கச் சொன்னா பதறாதீங்க. எக்ஸ்ரே ஸ்கிரீன்ல இரும்பு நீலமாவும், சாப்பாட்டுச் சாமான் ஆரஞ்சாவும் தெரியும், வெடிமருந்தும் அதே ஆரஞ்சுதான், கெட்டியா ஒரே கட்டியா இருந்தா அவங்களால பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால பலகாரத்த சம்புடத்துல அடைக்காம கண்ணாடி மாதிரி தெரியுற கவர்ல போட்டு, கைப்பைல மேலாப்புல வைங்க, தொறந்து காட்ட ஒரு நிமிஷம் போதும். கேக்குற கேள்விக்கு நேரா பதில் சொல்லுங்க, வெடி, குண்டுங்கிற வார்த்தைய பேரப்புள்ளைககூட விளையாட்டுக்கும் சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க, போலீஸ் கேஸ் ஆகி பிளைட்டே போயிரும்.

முடிஞ்சதும் ட்ரேல கண்ணாடி, பாஸ்போர்ட், வளையல் எதுவும் மிச்சம் இருக்கான்னு ஒரு தடவ கைய விட்டுத் தடவிப் பாத்துட்டு, பெட்டியப் போடுற கவுண்டர்ல குடுத்த போர்டிங் பாஸ் சீட்டுல போட்டுருக்குற கேட் நம்பருக்குப் போய் உக்காருங்க.