மருந்து ட்ரையலில் சேரும் முன் காப்பீட்டை எப்படிச் சரிபார்ப்பது?

உங்களுக்கு ஓசூரோ கிருஷ்ணகிரியோ ஊர் என்று வையுங்கள். சிகிச்சைக்குப் போன பெங்களூரு ஆஸ்பத்திரியில், "புது மருந்து ட்ரையல் நடக்கிறது, சேர்கிறீர்களா? இன்சூரன்ஸ் உண்டு" என்கிறார்கள். சரி, கையெழுத்துக்கு முன் என்ன பார்ப்பது?

படி 1: பாலிசி யாருடையது?

ட்ரையலை நடத்தும் ஸ்பான்சர் (மருந்து கம்பெனி போன்றவர்) எடுத்தது. பிரீமியம் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ட்ரையல் முடியும்வரை பாலிசி செல்லுமா என்று கேளுங்கள். தொகை குறைவாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். புது மருந்து, ட்ரையல் பற்றிய மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு ஸ்பான்சரின் பொறுப்பு. பாலிசி அவருடைய பாக்கெட்டுக்குத்தான் பாதுகாப்பு.

படி 2: ஒப்புதல் படிவம்

பாலிசியைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிறந்த தேதி, தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், முகவரி, உறவு எல்லாம் இதில் வரும். அவசரத்தில் நாமினி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ என்றால் அதில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்தான நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

படி 3: பதிவு எண்

சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களின் பதிவேடு) எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

படி 4: உடம்புக்கு ஏதாவது ஆனால்

தர்மபுரி ஜிஹெச்சில் சேர்ந்தாலும் ட்ரையல் டாக்டருக்கு உடனே போன் போடுங்கள். பாதிப்பு கடுமையானதென்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் மேலே தெரிவிக்க வேண்டும். தேவைப்படும்வரை, அல்லது ட்ரையல் காரணமில்லை என்று உறுதியாகும்வரை, சிகிச்சைச் செலவு ஸ்பான்சருடையது. பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதீர்கள்.

படி 5: இழப்பீட்டுக் கணக்கு

ட்ரையலால் மரணம் என்று முடிவானால்: அடிப்படைத் தொகை 8 லட்சம் × வயதுக் காரணி × ஆபத்துக் காரணி ÷ 99.37. ஆபத்துக் காரணி என்பது சேரும்போது இருந்த நோயின் தீவிரத்தைப் பொறுத்தது. நோயில்லாத 40 வயதுக்காரருக்கு வயதுக் காரணி 184.17, ஆபத்துக் காரணி 4; சுமார் 59 லட்சம் வரும். ஆறு மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார் எனும் நிலையில் இருந்த நோயாளிக்கு ஆபத்துக் காரணி 0.5தான். படிவத்தில் வருமானம் கேட்டாலும் கணக்கில் அது வராது. மாந்தோப்புக் கூலிக்காரருக்கும் சிப்காட் மேனேஜருக்கும் ஒரே சூத்திரம். உத்தரவு வந்தபின் ஸ்பான்சர் 30 நாளில் பணம் கட்டியாக வேண்டும்.