வரி ஓடும் கல்லெல்லாம் கல்மரம் அல்ல

கஞ்சமலை அடிவாரத்திலோ ஏற்காடு மலைப்பாதை ஓரத்திலோ வரிவரியான கல் அகப்பட்டதும் அது கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழைய மரம், என்று முடிவுகட்டிவிடுவது சேலம் பக்கம் எளிதில் நேரும் தவறு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற பாறை, நிலத்தின் அடியாழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. உலகில் மரம் தோன்றியே 40 கோடி ஆண்டு ஆகவில்லை. அந்தப் பாறைக்குள் மரம் இருக்க வழியே இல்லை. கஞ்சமலை வரிக்கல்லில் மேக்னடைட் என்ற கரிய இரும்புத் தாதுவும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லும் அடுக்கடுக்காக இருக்கும். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கருவரி அருகே கொண்டுபோனால் ஒட்டும். கல்மரத்தில் ஒட்டாது.

பக்கவாட்டு வரிதான் ஆளை ஏமாற்றும். உடைந்த குறுக்குமுகத்தை நனைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற துளைகளும், அவற்றுக்கிடையே நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது மரம். ஊசியிலை மரமானால் பெரிய துளை இருக்காது; தேனடை போல ஒரே சீரான நுண்ணிய கட்டங்கள் இருக்கும். வளையம் காணோமே என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது.

எரிமலைக் குழம்பு மரத்தைக் கல்லாக்கியது என்பதும் தவறு. குழம்பு பட்டால் மரம் கரியாகிவிடும். கல்லாக்குவது எரிமலைச் சாம்பல். அதன் கண்ணாடித் துகள்கள் நிலத்தடி நீரில் மெல்லக் கரைந்து, மணலிலும் குவார்ட்ஸிலும் உள்ள சிலிக்காவைத் தருகின்றன. காற்றுப் புகாமல் புதைந்து, மட்காமல் கிடக்கும் மரத்தில் அந்த நீர் ஊறுகிறது. சிலிக்கா முதலில் மரத்தின் செல்சுவரில் படலமாகப் பிடிக்கும். பிறகுதான் உட்குழிவு நிரம்பும். ஓப்பல் என்ற நீர் கலந்த சிலிக்காவாகப் படிந்தது, நீரை இழந்து கால்சிடனி என்ற நுண்படிகச் சிலிக்காவாகவும் குவார்ட்ஸாகவும் மாறும். இதன் தொடக்கத்துக்குக் கோடி ஆண்டு தேவையில்லை: ஜப்பானின் தட்டேயாமா வெந்நீர் ஊற்றில் போட்ட மரத்துண்டுகளில் 7 ஆண்டிலேயே எடையில் 40 சதவீதம் வரை சிலிக்கா ஏறியது.

எல்லாக் கல்மரத்துக்கும் எரிமலையைத் தேட வேண்டியதில்லை. பாறைகளில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்தாலும் சிலிக்கா நீரில் சேரும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ‘கடலூர் மணற்கல்’ என்ற பாறை அடுக்கில் கிடக்கும் அடிமரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டுவந்து போட்டவை. அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள்.

சிவப்பை வைத்துச் செம்மரம் என்று பெயர் வைக்காதீர்கள். அது இரும்பின் நிறம். பளபளப்பாக்க அமிலத்தில் ஊறவைத்தால் அந்த நிறம்தான் முதலில் போகும். அறுக்கும்போது வைரப் பிளேடில் தண்ணீர் விடாமல் ஓட்டவே கூடாது. பறப்பது நுண்ணிய சிலிக்கா தூசி. நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியேறாது.