ஒரு கல்யாணமா, இரண்டு கல்யாணமா: ஆங்கிலத்தில் ’ஸ் எங்கே போடுவது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்தார்கள். இரண்டு சம்பந்தி வீடு, ஒரே மண்டபம். வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்புவதற்காக ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார் அவர்களுடைய அப்பா. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். முதல் வரியே “ஹரி அண்ட் திவ்யா’ஸ் வெட்டிங்” என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கிலம் தெரிந்த யார் படித்தாலும் ஹரிக்கும் திவ்யாவுக்கும் கல்யாணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். “ஹரி’ஸ் அண்ட் திவ்யா’ஸ் வெட்டிங்ஸ்” என்று திருத்திக் கொடுத்தேன். கூட்டியது இரண்டே இரண்டு எஸ். ஒன்று ஹரியின் பெயருக்குப் பின்னால், இன்னொன்று வெட்டிங்கைப் பன்மையாக்க.

இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒன்று என்றால் கடைசிப் பெயரில் மட்டும் ’ஸ், அதாவது உடைமையைக் காட்டும் மேற்குறியும் எஸ்ஸும், போட வேண்டும். ஆளுக்கொன்று என்றால் ஒவ்வொரு பெயரிலும் போட வேண்டும். மூன்று பேர், நாலு பேர் என்றாலும் இதேதான். “ரவி, மாலா அண்ட் குமார்’ஸ் ஷாப்” என்றால் மூவரும் கூட்டு சேர்ந்து நடத்தும் ஒரே கடை.

நாம் இதில் சறுக்குவதற்குக் காரணம், தமிழ் இந்த வேலையை வேறு இடத்தில் வைத்துச் செய்வதுதான். தனித்தனி வீடு என்றால் ‘ரவி வீடும் மாலா வீடும்’ என்போம். வீடு இரண்டு தடவை வந்துவிடுவதால் குழப்பத்துக்கே இடமில்லை. ஒரே வீடு என்றால் ‘ரவி, மாலா ரெண்டு பேரோட வீடு’ என்போம். ஆங்கிலம் வீட்டைத் திரும்பச் சொல்லாமல் ’ஸ்-ஐத் திரும்பச் சொல்கிறது. அதனால் எழுதுவதற்கு முன் மனசுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ‘ரெண்டு பேரோட’ என்று வாயில் வந்தால் ஒரு ’ஸ் போதும். ‘இவர் வீடும் அவர் வீடும்’ என்று வந்தால் இரண்டு ’ஸ் போடுங்கள், ஹவுஸை ஹவுஸஸ் ஆக்குங்கள். நான் இன்றைக்கும் இப்படித்தான் சரிபார்க்கிறேன்.

கடைசிப் பெயரில் ஒட்டிய ’ஸ் எப்படி முதல் பெயரையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் அது நம் வேற்றுமை உருபைப் போலப் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிய விகுதியாக இருந்தது. காலப்போக்கில் அது தனிச்சொல்லை விட்டுவிட்டு முழுத் தொடரின் கடைசிக்கு நகர்ந்துவிட்டது. “தி கிங் ஆஃப் இங்கிலாந்து’ஸ் டாட்டர்” என்பதில் மகள் ராஜாவுக்கு, ’ஸ் ஒட்டியிருப்பதோ இங்கிலாந்தின் மேல். “ரவி அண்ட் மாலா” என்ற மூட்டைக்கும் அப்படித்தான். முதலில் கட்டு, அப்புறம் கட்டின் மேல் ’ஸ். நம் எழுத்துத் தமிழில் ‘ரவி, மாலா ஆகியோரின்’ என்று ‘ஆகியோர்’ போட்டுக் கட்டிவிட்டு அதன் மேல் ‘இன்’ சேர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழில் ‘ரவியினதும் மாலாவினதும்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வடிவத்தில் அது “ரவி’ஸ் அண்ட் மாலா’ஸ்” என்பதற்கு மிக நெருக்கம்.

சேர்ந்து ஒன்று, ஆளுக்கொன்று என்ற இந்த வேறுபாட்டுக்குக் கணித வரலாற்றில் அருமையான இணை ஒன்று இருக்கிறது. ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரித்து எழுதலாம் என்பதைச் சொல்லும் பகுப்பு எண்களை மதிப்பிடும் சூத்திரத்தை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து கண்டுபிடித்து 1918-இல் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். அது “ஹார்டி அண்ட் ராமானுஜன்’ஸ் ஃபார்முலா”. நுண்கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே உருவாக்கினார்கள். யார் முதலில் என்ற தகராறு முற்றி, லண்டன் ராயல் சொசைட்டி 1712-இல் குழு போட்டு விசாரிக்கும் அளவுக்குப் போனது. இரண்டு பேரின் குறியீடும் வேறு வேறு: நியூட்டன் எழுத்தின் மேல் புள்ளி வைத்தார், லைப்னிட்ஸ் டி எழுத்தைப் பயன்படுத்தினார். ஆகவே “நியூட்டன்’ஸ் அண்ட் லைப்னிட்ஸ்’ஸ் நொட்டேஷன்ஸ்” என்று எழுத வேண்டும். முதல் ’ஸ்-ஐ விட்டுவிட்டால் ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே குறியீட்டை உருவாக்கினார்கள் என்று ஆகிவிடும்.

பேச்சில் ஆங்கிலேயர்களே பல நேரம் முதல் ’ஸ்-ஐ விழுங்கிவிடுவார்கள், கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. ஒப்பந்தத்தில் அப்படி விட முடியாது. “தி பையர் அண்ட் செல்லர்’ஸ் ஆப்ளிகேஷன்ஸ்” என்று எழுதினால் வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து சுமக்கும் கடமைகள் என்று வாதாட இடம் கிடைக்கும். பணம் கொடுப்பது ஒருவர் கடமை, பத்திரம் முடித்துக் கொடுப்பது இன்னொருவர் கடமை. அங்கே “தி பையர்’ஸ் அண்ட் தி செல்லர்’ஸ்” என்று பிரித்தே எழுதுங்கள்.

இனி என் கண்ணில் மிக அதிகமாகப் படும் தவறுக்கு வருகிறேன். “ஐ சோல்ட் ரவி அண்ட் மை ஹவுஸ்.” எழுதியவர் சொல்ல நினைத்தது, எனக்கும் ரவிக்கும் பொதுவாக இருந்த வீட்டை விற்றேன் என்று. வாக்கியம் சொல்வது, ரவியையும் விற்றேன், என் வீட்டையும் விற்றேன் என்று. ஒரே வீடுதானே, கடைசியில் மட்டும் குறி போதும் என்ற விதியைத்தான் அவர் பின்பற்றியிருக்கிறார். ஆனால் அந்த விதி பெயர்களுக்கு மட்டும்தான். மை, யுவர், ஹெர் போன்றவை ஏற்கெனவே உடைமை வடிவம் எடுத்துவிட்ட சொற்கள். மூட்டையின் மேல் போடுவதற்குத் தனியாக ஒரு ’ஸ் அங்கே இல்லை, அதனால் ‘மை’ பின்னால் திரும்பி ரவியைப் பிடிக்காது. பிரதிப் பெயர் ஒன்று உள்ளே வந்துவிட்டால், வீடு ஒன்றானாலும் இரண்டானாலும், ஒவ்வொன்றும் தன் குறியைத் தானே சுமக்க வேண்டும்: “ரவி’ஸ் அண்ட் மை ஹவுஸ்”. ஒரே வீடா, இரண்டு வீடா என்பதை ஹவுஸ், ஹவுஸஸ் என்ற ஒருமை பன்மைதான் சொல்லும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில இருக்கின்றன. “மீ அண்ட் மை வைஃப்’ஸ் ஆனிவர்சரி” தவறு, “மை வைஃப்’ஸ் அண்ட் மை ஆனிவர்சரி” சரி. “ஹிம் அண்ட் மாலா’ஸ்” இல்லை, “ஹிஸ் அண்ட் மாலா’ஸ்”. “மை வைஃப் அண்ட் ஐ’ஸ்” என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசுவதைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். மூட்டை கட்டி மேலே ’ஸ் போடும் பழக்கம் அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது. பேச்சோடு போகட்டும், எழுத்தில் கொண்டுவராதீர்கள்.

“மை வைஃப்’ஸ் அண்ட் மை” சரியானாலும் நாக்குக்கு நெருடல்தான். நான் பெரும்பாலும் “அவுர் ஆனிவர்சரி” என்று முடித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘எங்கள்’ வேறு, ‘நம்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல். கேட்பவர் தன்னையும் சேர்த்துச் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது என்றால், முந்தின வாக்கியத்தில் “மை வைஃப் அண்ட் ஐ” என்று ஆட்களைச் சொல்லிவிட்டு அப்புறம் “அவுர்” போடுங்கள்.

“மைன் அண்ட் ரவி’ஸ் ஹவுஸ்” என்பதும் அடிக்கடி வருகிறது. மைன் என்றால் ‘என்னுடையது’. ‘என்னுடையது வீடு’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? பின்னால் பொருள் வந்தால் மை, வராவிட்டால் மைன். “தட் ஹவுஸ் இஸ் ரவி’ஸ் அண்ட் மைன்” என்பது சரியான வாக்கியம்.

‘அல்லது’ வரும் இடங்களில் கணக்கு எளிது. ரவியின் ஃபோன் அல்லது மாலாவின் ஃபோன் என்றால் இருவரில் ஒருவருடையது. கூட்டுச் சொத்து என்ற பேச்சே இல்லாததால் இரண்டிலும் ’ஸ் போட்டுவிடுங்கள்: “ரவி’ஸ் ஆர் மாலா’ஸ் ஃபோன்”. பள்ளிப் படிவத்தில் “பேரன்ட் ஆர் கார்டியன்’ஸ் சிக்னேச்சர்” என்று ஒரே குறியோடு இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே பெற்றோர், காப்பாளர் என்பது வீட்டுப் பெரியவர் என்ற ஒரே இடத்துக்கான இரண்டு பெயர், அதனால் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். தவறில்லை. அப்பாவா அம்மாவா என்று ஆளைப் பிரித்துச் சொல்லும்போது “ஃபாதர்’ஸ் ஆர் மதர்’ஸ்” என்பதே தெளிவு.

“ஹிஸ் ஆர் ஹெர்ஸ் ஃபோன்” என்று எழுதுகிறவர்களுக்கு வழி தப்பும் இடம் ‘ஹிஸ்’. அந்தச் சொல் மட்டும் பொருளுக்கு முன்னாலும் தனியாகவும் ஒரே வடிவில் நிற்கும். அதைப் பார்த்து ஹெர்ஸும் அப்படி நிற்கும் என்று நினைத்துவிடுகிறோம். பொருளுக்கு முன்னால் “ஹிஸ் ஆர் ஹெர்” மட்டுமே.

விடுதிப் பலகைகளிலும் பயோடேட்டாவிலும் இரண்டு ’ஸ் கட்டாயம்: “மென்’ஸ் அண்ட் விமென்’ஸ் ஹாஸ்டல்ஸ்”, “பேச்சலர்’ஸ் அண்ட் மாஸ்டர்’ஸ் டிகிரீஸ்”. “மென் அண்ட் விமென்’ஸ் ஹாஸ்டல்” என்று போட்டால் இருபாலரும் தங்கும் ஒரே விடுதி ஆகிவிடும். மகளை விசாரித்துச் சேர்க்க வந்த பெற்றோர் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகலாம்.

விடுப்புக் கடிதத்தில் காலத்தைச் சொல்லும்போது இதே ’ஸ் வேறு முகம் காட்டும். “டூ ஆர் த்ரீ டேஸ் லீவ்” என்பதில் டேஸ் பன்மை, அதனால் அந்த மேற்குறி கடைசி எஸ்ஸுக்குப் பின்னால் வர வேண்டும். ஒலியில் வித்தியாசமே இல்லை, கையெழுத்தில்தான் தெரியும். “அ டே ஆர் டூ’ஸ் லீவ்”, “அ வீக் அண்ட் அ ஹாஃப்’ஸ் லீவ்” என்பவை பார்க்க விசித்திரமாக இருக்கும். எண்ணின் மேலும் பாதியின் மேலும் எப்படி ’ஸ் ஒட்டும் என்று திருத்தப் போகாதீர்கள். ‘ஒன்றரை வாரம்’ முழுவதும் ஒரு மூட்டை, ’ஸ் அதன் மேல். இரண்டு பக்கமும் குறி போட்டு “அ டே’ஸ் ஆர் டூ’ஸ்” என்று எழுதினால்தான் தவறு.

நண்பரைப் பற்றிச் சொல்லும்போது “அ ஃப்ரெண்ட் ஆஃப் ரவி அண்ட் மைன்” என்று பாதியில் வண்டி மாறிவிடுகிறது. இரண்டையும் உடைமை வடிவில் வைத்து “அ ஃப்ரெண்ட் ஆஃப் ரவி’ஸ் அண்ட் மைன்” என்று எழுதலாம், அல்லது இரண்டையும் வெறுமனே விட்டு “அ ஃப்ரெண்ட் ஆஃப் ரவி அண்ட் மீ” எனலாம். பெயர்கள் நீண்டு, ஒவ்வொன்றுக்கும் ’ஸ் போட்டு மூச்சு முட்டினாலும் இந்த ‘ஆஃப்’ கைகொடுக்கும். “தி சிக்னேச்சர்ஸ் ஆஃப் தி ஓனர், தி டெனன்ட் அண்ட் தி டூ விட்னஸஸ்” என்று எழுதிவிட்டால் ஒரு ’ஸ்-உம் தேவையில்லை.