மலைக்கு ஆள் கூட்டிப் போகிறீர்களா? விபத்தும் வழக்கும் வராமல் இருக்கச் செய்யவேண்டியவை

எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் நம் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கைட் வேலைக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம், இந்த மலைகளை நம்மவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, டூரிஸ்ட்கிட்ட கையெழுத்து வாங்குற ஃபோர்ம் இருந்தா அனுப்புங்க" என்பதுதான். கையெழுத்து வாங்கிவிட்டால் என்ன நடந்தாலும் நம் தலையில் விழாது என்று நினைக்கிறார்கள். அது தவறு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றியது. உங்கள் கவனக்குறைவால் ஒருவர் செத்தாலோ காயப்பட்டாலோ, "நாங்கள் பொறுப்பல்ல" என்று ஃபோர்மிலோ போர்டிலோ எழுதி வைத்துத் தப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம். உயிர் போனால் விஷயம் நட்டஈட்டோடும் முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி, கவனமில்லாத செயலால் மரணம் விளைவித்தவருக்கு 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

அப்படியென்றால் எல்லாமே நம் பொறுப்பா? இல்லை. பனிச்சறுக்கு மலைகளை நடத்துகிற நாடுகளில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1979இலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. செங்குத்தான சரிவு, மாறுகிற பனி, வானிலை, மரம், பாறை எல்லாம் அந்த விளையாட்டோடு சேர்ந்தே வருகிற ஆபத்துகள், அவற்றை ஏற்றுக்கொண்டுதான் ஆள் இறங்குகிறார். ஆனால் ஒவ்வொரு பாதையும் எவ்வளவு கடினம் என்று அடையாளம் போட்டுக் காட்டுவதும், ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டைப் பாதுகாப்பாக ஓட்டுவதும் நடத்துபவரின் கடமை. லிஃப்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை விழுந்த வழக்கில், சட்டம் சொன்ன கடமையை மீறியிருந்தால் கையெழுத்துப் போட்ட ஃபோர்ம் காப்பாற்றாது என்று 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நமக்குப் பனி இல்லை, ஆனால் இதே பிரிவினையை நம் மலைக்கும் போட்டுப் பாருங்கள். அட்டை, மூடுபனி, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, ஈரப் படியில் வழுக்குவது, இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வருகிறவர் ஏற்றுக்கொண்ட ஆபத்து. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது கூட்டிப் போவது, அறுந்துபோகிற நிலையில் உள்ள கயிற்றைக் கட்டுவது, படம் எடுப்பதற்காக ரயில் பாதையில் நடக்க வைப்பது, இவை உங்கள் தவறு. (ரயில் பாதையில் நடப்பதே சட்டப்படி குற்றம். எல்ல மலைக்குப் போகும்போது எல்லோரும் நடக்கிறார்களே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.) வந்தவர் பக்கமும் தவறு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் பங்கு பிரித்து நட்டஈட்டைக் குறைக்கும். உங்கள் பங்கு அப்படியேதான் நிற்கும்.

சரி, ஃபோர்ம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் தப்பிப்பதற்காக இல்லை, சொல்வதற்காக. முதல் நாள் இரவே, காசு வாங்குவதற்கு முன், அவர்களுக்குப் புரிகிற மொழியில் கொடுங்கள். எத்தனை மணித்தியாலம் நடக்கவேண்டும், எந்த இடம் செங்குத்து, திரும்ப முடியாத இடம் எது என்று எழுதுங்கள். ஆஸ்துமா, இருதய வருத்தம், கர்ப்பம், குளவி கொட்டினால் ஒவ்வாமை, இந்த நான்கையும் கேளுங்கள். காலையில் பாதை தொடங்குகிற இடத்தில், ஆட்டோ காத்துக்கொண்டு நிற்கும்போது நீட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

மழைதான் இங்கே பெரிய விஷயம். 75 மில்லிமீட்டர், 100, 150 என்ற இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையை வைத்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது இந்த அளவுகளை ஒட்டித்தான். ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினால் நேரே வெளியேறவேண்டிய நிலை. வாசலில் ஒரு மழைமானி வைத்து காலையில் பார்த்து எழுதுங்கள். மஞ்சள் வந்தாலே நான் சரிவுப் பாதைகளுக்குப் போகமாட்டேன், அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, இவை தெரிந்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் திரும்புங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடியவே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் முகட்டில் நிற்கக்கூடாது. தியலும போன்ற அருவிகளின் மேல் குளங்களில் குளிக்க விடும்போது ஒருவர் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிறம் மாறினாலோ இலைதழை அடித்துக்கொண்டு வந்தாலோ எல்லோரையும் உடனே கரைக்கு ஏற்றுங்கள். உங்களுக்கு வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்திருக்கும்.

குளவி விஷயத்தில் கொழுந்து எடுக்கிற அக்காமார்களைக் கேளுங்கள். எந்த மலையில் கூடு இருக்கிறது என்று காலையில் அவர்களுக்குத்தான் தெரியும், அதில் அடிபடுகிறவர்களும் அவர்கள்தானே. வாசனைத் திரவியம் பூசி வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலக வேண்டும். மூச்சுத் திணறினாலோ நிறையக் கொட்டியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான், சுண்ணாம்பு பூசிக்கொண்டு உட்காராதீர்கள்.

நான் பட்ட பாடு ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் பாறையில் வழுக்கி கணுக்கால் உடைந்தது. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தேன், உடனே பதில் வந்தது, எங்கே என்று கேட்டார்கள். "எட்டாம் நம்பர் மலை" என்றேன். தோட்டத்துக்கு வெளியே அது யாருக்குத் தெரியும்? ஒருவழியாக இடத்தைச் சொல்லி அம்புலன்ஸ் வந்தது, தோட்டத்து கேட் பூட்டியிருந்தது, சாவி வாட்சரிடம், வாட்சர் கோயில் திருவிழாவில். அந்த மனிதர் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் கிடந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாகனம் வரக்கூடிய கிட்டிய இடம், அதன் கூகுள் மேப் புள்ளி, எந்த கேட், சாவி யாரிடம், அவர் இல்லாவிட்டால் யாரிடம், போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் எது, தூக்கிப் போக எத்தனை பேர் தேவை, எந்த லயத்தில் கூப்பிட்டால் வருவார்கள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கும்போதே கேட் விஷயத்தையும் பேசிவிடுங்கள். அனுமதி இல்லாமல் போனால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர், காப்புறுதி எடுத்திருந்தாலும் அந்த இடத்தில் சிக்கல் வரலாம். காப்புறுதி எடுக்கும்போது மலையேற்றம், அருவிக் குளியல் என்று செய்கிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் கைட் அனுமதிப்பத்திரமும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கொப்பி. அன்றைய மழை, எச்சரிக்கை நிறம், எத்தனை பேர், என்ன சொன்னீர்கள், யார் செருப்போடு வந்து திருப்பி அனுப்பப்பட்டார், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், இவற்றை அன்றன்றே எழுதுங்கள். இந்த மாதிரி நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 வருடத்துக்குள் போடவேண்டும், சிறுபிள்ளை என்றால் காலம் நீளும், அதனால் கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள்.

விபத்து நடந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், மற்றவர்களைப் பாதுகாப்பான இடத்தில் உட்கார வையுங்கள், பிறகு இடத்தையும் பாதையையும் படம் எடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள், வீட்டாரோடு பேசுங்கள், வருத்தத்தைச் சொல்லுங்கள். யார் பிழை என்ற வாக்குவாதம் அங்கே வேண்டாம், அதைச் சட்டத்தரணியோடு பேசிக்கொள்ளலாம். அன்றிரவே நடந்ததை நேரத்தோடு எழுதி, கூட இருந்தவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் பிறகு ஒரு வரியையும் மாற்றாதீர்கள், உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சரி.