பினாங்குப் பிள்ளைக்கு மேப்பிள் இலை எதற்கு?

பிள்ளைகளுக்கு இலைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நினைத்ததும் இணையத்திலிருந்து ஒரு தாளை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதில் மேப்பிள் இலை, ஓக் இலை, மேலே 'இலையுதிர் காலம்' என்று தலைப்பு. பினாங்கில் ஏது இலையுதிர் காலம்? சிவந்த இலைதான் வேண்டுமென்றால் கடற்கரைப் பக்கம் ஒரு கெத்தாப்பாங் மரத்தடிக்குப் போங்கள். தமிழில் நாட்டு வாதுமை. உதிரும் முன் அதன் இலை செக்கச் செவேலென்று பழுக்கும், பிள்ளையின் முகத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரிது. ஐந்தாறு இலைகளைப் பொறுக்கிப் பச்சையிலிருந்து பழுப்பு வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல தாள் கிடைக்காது.

இன்னொரு தவறு நம்மையறியாமலே நடக்கிறது. ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையைக் காட்டி "இதில் எத்தனை இலை?" என்று கேட்கிறோம். பிள்ளை 15, 17 என்று எண்ணிச் சொல்லும், நாமும் "கெட்டிக்காரி" என்று தட்டிக்கொடுப்போம். உண்மையில் அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. எண்ணியதெல்லாம் சிற்றிலைகள். ஒரு முழு இலையின் அடியில்தான் மொட்டு இருக்கும். சந்தேகமிருந்தால் செடியிலேயே பாருங்கள்: ஈர்க்கு கிளையோடு சேரும் இடுக்கில் சின்னதாக ஒரு மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் அது இருக்காது. பிள்ளை அந்த மொட்டை விரல் நுனியால் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் முருங்கைக்குப் போகலாம். அங்கே ஈர்க்கிலிருந்து ஈர்க்காகப் பிரிந்து போகும், அத்தனையும் சேர்ந்து ஒரே இலை! நான்கு வயதில் 'கூட்டிலை' என்ற சொல்லெல்லாம் வேண்டாம், மொட்டைத் தேடும் விளையாட்டே போதும்.

தாளுக்கு அடியில் இலையை வைத்து கிரேயானால் தேய்க்கும்போது பலர் இலையின் மேல்பக்கத்தை மேலே வைக்கிறார்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில், அதுதான் தாளைத் தொட வேண்டும். கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். சருகு நொறுங்கிவிடும், அன்று விழுந்த இலையை எடுங்கள்.

இலையைப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். என் மகளின் முதல் ஆல்பம் அப்படித்தான் போனது, ரொம்ப அழுதாள். பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள்.

வாயில் வைத்துப் பார்ப்பது கறிவேப்பிலையோடு நிற்கட்டும். கோயிலில் பார்த்த பூ என்று பிள்ளை அரளியைப் பறிக்கப் போகும். அந்தச் செடி முழுவதும் விஷம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்மலைப் பக்கம் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அழைத்துப் போங்கள், ஆனால் மரத்துக்கு மரம் பெயர் சொல்லிக்கொண்டே நடக்காதீர்கள். ஒரு காலைக்கு ஒரு மரம் போதும். நாகலிங்க மரத்தில் பூவும் காயும் அடிமரத்திலேயே தொங்கும். அதைப் பிள்ளை தானே கண்டு சொல்லும்வரை பேசாமல் இருங்கள். காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனமானது, அதனால் தள்ளி நின்றே பார்க்கட்டும். குரங்குகள் இருக்கும், ரொட்டிப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம்.

காலையில் மட்டும் போய்வருவதும் ஒரு குறைதான். தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்துவிட்டு வந்தால், பொழுது சாயும் நேரத்தில் மறுபடி அதே மரத்தடிக்குப் போங்கள். காலையில் குடை மாதிரி விரிந்திருந்த இலையெல்லாம் ஜோடி ஜோடியாக மடங்கியிருக்கும், காலையில் மறைந்திருந்த வானம் இடையிடையே தெரியும்.