பிரட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம்

விழித்திருங்கள் என்று இயேசு சொன்னால், ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபிக்க வேண்டும் என்று நினைத்து, மூன்றாம் நாளே சோர்ந்துபோகிறவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், நிறையப் பேர் (நானும்தான்). மாற்கு 13:35-இல் இயேசு சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று நான்கு ஜாமங்களைச் சொல்கிறார், அதில் உங்களுக்கு முடிந்த ஒன்றைப் பிடியுங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்குப் போகுமுன், அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற அந்த ஐந்து நிமிடம் போதும். போனைத் தொடாதீர்கள். சங்கீதம் 130 எட்டே வசனம்தான். விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் அதில் வருகிறார்.

மலையில் கொழுந்து பறிக்கும்போது கை தானாக ஓடும், மனம் கடனுக்கும் பக்கத்து நிரை அக்காவின் பேச்சுக்கும் ஓடும். அங்கேதான் தூங்கிவிடுகிறோம். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது, காலையில் இருந்து யார்மேல் எரிந்து விழுந்தேன் என்று ஒருமுறை யோசியுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், சரி, அப்புறம் அதையே நினைத்துக் குமைய வேண்டாம்.

நம்பிக்கை தளரும் நாளுக்கு ஒரு கொப்பி வைத்து, பதில் கிடைத்த ஜெபத்தைத் தேதியோடு எழுதுங்கள். என் கொப்பியில் கூரை ஒழுகி மை பரவிய ஒரு பக்கம் இருக்கிறது, மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய இரவு. கிடைக்காததையும் எழுதுங்கள், அழிக்காதீர்கள்.